'நெவர் சீசஸ் டு அமேஸ் மீ' என்ற ஆங்கிலத் தொடரை எப்படிச் சரியாகப் பயன்படுத்துவது?

எத்தனை முறை பார்த்தாலும் வியப்பு ஓய்வதே இல்லை என்பதுதான் பொருள். 'சீஸ்' என்றால் ஓய்தல். ஆகவே இன்று முதல் தடவையாகப் பார்த்த ஒன்றுக்கு இது பொருந்தாது. அதற்கு 'இட் அமேஸ்ட் மீ' போதும்.

தமிழில் யோசிப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது எழுவாயில். 'எறும்புகளைப் பார்த்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது' என்று 'எனக்கு'வை வைத்துப் பேசிப் பழகியதால், ஆங்கிலத்திலும் 'ஐ' என்று தொடங்கிவிடுகிறோம். இந்தத் தொடரில் வியக்க வைக்கும் பொருள்தான் எழுவாய். நம்முடைய 'எனக்கு' கடைசியில் 'மீ' ஆகிவிடும். 'நேச்சர் நெவர் சீசஸ் டு அமேஸ் மீ.' எழுவாய் பன்மையானால் 'சீஸ்': 'ஆன்ட்ஸ் நெவர் சீஸ் டு அமேஸ் மீ.' 'ஐ' என்றுதான் தொடங்க வேண்டுமென்றால் அமைப்பே மாறும்: 'ஐ நெவர் சீஸ் டு பி அமேஸ்ட் பை ஆன்ட்ஸ்.'

வியப்பது ஒரு செயலைப் பற்றி என்றால் 'இட்' முன்னால் வரும்: 'இட் நெவர் சீசஸ் டு அமேஸ் மீ ஹவ் ஆன்ட்ஸ் ஃபைண்ட் தெயர் வே ஹோம்.' இங்கே நன்றாக எழுதுபவர்களும் 'ஹவ் டூ ஆன்ட்ஸ்' என்று போட்டுவிடுவார்கள். இது கேள்வி இல்லை, வாக்கியத்தின் ஒரு பகுதி. அதனால் 'டூ' வராது. 'நெவர்' ஏற்கெனவே எதிர்மறை என்பதால் 'டஸ்ன்ட்' சேர்க்கக் கூடாது. 'இஸ் நெவர் சீசிங்' என்றும் சொல்வதில்லை.

உச்சரிப்பு: 'சீஸ்' என்பதன் முடிவு 'ஐஸ்' என்பதில் உள்ள ஒலிதான். அந்த ஒலியைத் தொண்டை அதிர, 'z' போலச் சொன்னால், பறித்துக்கொள்வது என்ற பொருள் தரும் வேறு சொல் காதில் விழும்.

ஒரு எச்சரிக்கை. ஆளை நேரில் பார்த்து 'யூ நெவர் சீஸ் டு அமேஸ் மீ' என்பது பாராட்டாகவும் இருக்கும், 'நீ திருந்தவே மாட்டாயா' என்ற குத்தலாகவும் இருக்கும். குரல் கேட்காத மின்னஞ்சலில், எதைப் பாராட்டுகிறீர்கள் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

வியப்பைவிட நெடுநாள் ஈடுபாட்டைச் சொல்ல நினைத்தால், என் தேர்வு 'ஐ ஹேவ் ஆல்வேஸ் பீன் ஃபேசினேட்டட் பை...'. 'ஹேவ் பீன்' இருப்பதால் அந்த ஈடுபாடு இன்றும் தொடர்கிறது. 'வாஸ்' போட்டால் அது பழைய கதையாகத் தொனிக்கும். 'ஃபேசினேட்டிங்' என்பது ஈர்க்கும் பொருளுக்கு, 'ஃபேசினேட்டட்' ஈர்க்கப்பட்ட நமக்கு.