'டிசைட்' எப்படி 'டிசிஷன்' ஆகிறது?

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். ஆங்கில வினைச்சொல்லைப் பெயர்ச்சொல்லாக மாற்றச் சொன்னால், வினையை அப்படியே வைத்துக்கொண்டு 'ஷன்' என்பதை ஒட்டிவிடுகிறாள். 'புரொனவுன்ஸ்' என்பதற்குப் 'புரொனவுன்சியேஷன்' என்றே எழுதுகிறாள். 'டிசைட்' ஏன் 'டிசிஷன்' ஆக வேண்டும், 'புரொட்யூஸ்' சொல்லில் இல்லாத 'க்' ஒலி 'புரொடக்‌ஷன்' சொல்லில் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறாள். இதற்கு விதி உண்டா, மனப்பாடம்தான் வழியா?

பதில்: பெரும்பகுதிக்கு விதி உண்டு. ஆனால் அந்த விதி முதலில் வேலை செய்த இடம் ஆங்கிலம் அன்று, லத்தீன். ஆங்கிலேயர் 'டிசைட்' என்ற வினையை எடுத்து, அதன் ஈற்றில் ஒரு விகுதியைச் சேர்த்து, 'டிசிஷன்' என்ற பெயரை உண்டாக்கவில்லை. லத்தீனிலேயே வினை ஒரு வடிவிலும் அதன் தொழிற்பெயர் வேறொரு வடிவிலும் இருந்தன. இரண்டும், பெரும்பாலும் பிரெஞ்சு வழியாக, தனித்தனியே ஆங்கிலத்துக்குள் வந்து சேர்ந்தன. 

உங்கள் மகளுக்கு இதைத் தமிழைக்கொண்டே விளக்கலாம். 'ஆள்' என்னும் வினையோடு 'சி' விகுதி சேரும்போது நாம் 'ஆள்சி' என்பதில்லை, 'ஆட்சி' என்கிறோம். 'காண்' என்பது 'காட்சி' ஆகிறது. 'கெடு' என்பது விகுதி எதுவும் பெறாமலே முதல் நீண்டு 'கேடு' ஆகிறது. லத்தீனில் நடந்ததும் இத்தகைய திரிபுதான். வினையடியின் ஈற்றிலிருந்த 'டி' (D) என்னும் மெய், தொழிற்பெயர் விகுதியின் முதலிலிருந்த மெய்யோடு சேர்ந்து 'எஸ்' ஒலியாகத் திரிந்தது. அதனால்தான் டிசைட், டிவைட், எக்ஸ்புளோட், கன்குளூட் ஆகியவற்றின் பெயர்ச்சொற்களில் 'டி' மறைந்து 'எஸ்' எழுத்து வருகிறது. (வெட்டி விலக்குதல் என்னும் பொருளுடைய லத்தீன் வினையே 'டிசைட்' ஆயிற்று. 'அறு' என்பதிலிருந்து 'அறுதியிடுதல்' என்று நாமும் சொல்வது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் ஒற்றுமை.)

'புரொடக்‌ஷன்' சொல்லில் உள்ள 'க்' புதிதாக வந்தது அன்று. உண்மையில் அதுதான் பழைய ஒலி. லத்தீனில் 'சி' என்னும் எழுத்து எங்கும் 'க்' என்றே ஒலித்தது. பிற்காலத்தில் 'இ', 'எ' போன்ற உயிர்களுக்கு முன்னால் அது மென்மையாகி 'ஸ்' ஆனது. 'டி' (T) எழுத்துக்கு முன்னால் மாறாமல் நின்றது. ஆகவே புரொட்யூஸ், ரெட்யூஸ், இன்ட்ரொட்யூஸ் மூன்றிலும் வினையில் 'ஸ்', பெயரில் 'க்'. 'டிஸ்கிரைப்', 'டிஸ்கிரிப்ஷன்' இணையைத் தமிழில் எழுதினால் இரண்டும் 'ப்' ஆகத் தெரியும். ஆனால் வினையின் இறுதியில் இருப்பது 'பஸ்' சொல்லின் முதலொலி, பெயரில் இருப்பது 'பேனா' சொல்லின் முதலொலி. சப்ஸ்கிரைப் என்பதும் இப்படியே.

உயிரொலி மாற்றத்தின் கதை வேறு. ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை ஆங்கிலத்தின் நெடில்கள் எல்லாம் இடம்பெயர்ந்தன. நீண்ட 'ஈ' படிப்படியாக 'ஐ' ஆனது. நீண்ட 'ஊ' பல சொற்களில் 'அவு' ஆனது. குறில்கள் இந்த ஓட்டத்தில் சிக்கவில்லை. வினையில் நெடிலும் பெயரில் குறிலும் இருந்த சொற்களில் இதனால் இரண்டும் வெகுதூரம் விலகிப்போயின: 'டிசைட்' சொல்லில் 'ஐ', 'டிசிஷன்' சொல்லில் 'இ'. உங்கள் மகளின் தவற்றுக்கும் காரணம் இதுவே. 'புரொனவுன்ஸ்' என்பதன் பெயர்ச்சொல் 'புரொனன்சியேஷன்'. இரண்டாவது அசை 'நன்றி' சொல்லின் முதலசையைப்போல் ஒலிக்கும். எழுத்திலும் அங்கே 'ஓ' கிடையாது, 'யு' மட்டுமே வரும். டினவுன்ஸ், ரினவுன்ஸ் ஆகிய வினைகளும் இதே வழியில் டினன்சியேஷன், ரினன்சியேஷன் ஆகின்றன. ஒரு சொல்லைத் திருத்துவதைவிட, இந்த மூன்றையும் சேர்த்து எழுதவைப்பது நல்லது.

பேச்சில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது அழுத்தம். 'ஷன்' என்று முடியும் சொற்களில் அழுத்தம் ஏறக்குறைய எப்போதும் அதற்கு நேர் முந்தைய அசையில் விழும் ('டெலிவிஷன்' ஒரு விதிவிலக்கு, அதிலும் பெயர்தான் முதலில் பிறந்தது, 'டெலிவைஸ்' என்னும் வினை அதிலிருந்து உருவானது). அழுத்தம் விலகிய அசை சுருங்கும். 'கம்பீட்' சொல்லில் ஓங்கி ஒலிக்கும் 'பீ', 'காம்படிஷன்' சொல்லில் வெறும் 'ப' ஆகிவிடுகிறது; 'எக்ஸ்பிளெய்ன்', 'எக்ஸ்பிளனேஷன்' ஆகும்போது ஒலி சுருங்குவதோடு 'ஐ' என்னும் ஆங்கில எழுத்தும் விழுந்துவிடுகிறது. தமிழில் அழுத்தம் இடம் மாறினால் பொருள் மாறுவதில்லை என்பதால் நம் பிள்ளைகளின் காது இதைத் தானாகப் பிடிக்காது. அகராதியில் அழுத்தமுள்ள அசைக்கு முன்னால் இடப்படும் சிறு கோட்டைப் பார்க்கப் பழக்குங்கள்.

இரண்டாவது, நாம் 'ஷ்' என்று ஒன்றாக எழுதும் இரண்டு ஒலிகள். 'பெர்மிஷன்', 'டிஸ்கஷன்' சொற்களில் வருவது நாம் அறிந்த 'ஷ்'. டிசிஷன், டிவிஷன், எக்ஸ்புளோஷன் போன்றவற்றில் வருவதோ 'மெஷர்', 'பிளஷர்' சொற்களின் நடுவில் உள்ள, குரலோடு கூடிய ஒலி. தொண்டையில் விரல் வைத்து 'ஷ்' என்று நீட்டச் சொல்லுங்கள். வாயின் நிலையை மாற்றாமல், விரலில் அதிர்வு தெரியும்படி குரல் கொடுத்தால் அந்த ஒலி வந்துவிடும். வினையின் ஈற்றில் 'டி' (D) ஒலியும் அதற்கு முன் உயிரும் இருந்தால் பெரும்பாலும் அதிரும் ஒலி; 'எக்ஸ்பேண்ட்' போல 'டி' ஒலிக்கு முன் மூக்கொலி இருந்தால் அதிராத ஒலி. இங்கே எழுத்து மட்டும் சற்றுத் தொல்லை தரும்: 'எக்ஸ்டென்ஷன்' சொல்லுக்கு 'எஸ்', 'இன்டென்ஷன்' சொல்லுக்கு 'டி' (T). இவற்றை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும்.

'மென்ட்', 'அல்' ஆகிய விகுதிகள் பெரும்பாலும் வினையை அப்படியே விட்டுவிடும். அனவுன்ஸ்மென்ட், டெவலப்மென்ட், அரைவல், ரெஃபியூசல் ஆகியவற்றில் வினையின் ஒலியும் மாறாது, அழுத்தமும் நகராது. இவற்றுள் தடுக்கும் ஒரே பெரிய சொல் விளம்பரத்தைக் குறிக்கும் சொல்தான்: 'அட்வர்டைஸ்' என்னும் வினையின் 'டை' ஒலியை அமெரிக்கர் பெயரிலும் காத்து 'அட்வர்டைஸ்மென்ட்' என்பார்கள், பிரிட்டிஷ் வழக்கில் அழுத்தம் இரண்டாம் அசைக்குப் போய் 'அட்வர்டிஸ்மென்ட்' ஆகும். பள்ளியில் எந்த வழக்கைப் பின்பற்றுகிறார்களோ அதையே அவள் சொல்லட்டும்.