கப்பல் பெரிசு, கேப்டன் சிறிசு

கேள்வி: கப்பல் கிளர்ச்சிப் படமான ‘மியூட்டினி ஆன் தி பவுன்ட்டி’: 1935-இல் வந்ததா, 1962-இல் வந்ததா, எது உங்கள் ஓட்டு?

பதில்: 1935-இன் கறுப்பு வெள்ளைக்குத்தான். 1962 படத்துக்காக நிஜமாகவே ஒரு கப்பலைக் கட்டி, பசிபிக் தீவான டஹிட்டிக்கே போய் வண்ணத்தில் எடுத்தார்கள். கடல் பிரமாதம்! ஆனால் கப்பலின் கொடுமைக்காரக் கேப்டன் பிளை? பழையதில் சார்லஸ் லாட்டன் உதட்டைப் பிதுக்கி நின்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். புதியதில் பிளையாக வரும் ட்ரெவர் ஹோவர்ட் நல்ல நடிகர்தான். இருந்தும் வெறும் சிடுமூஞ்சி அதிகாரியாகத்தான் தெரிகிறார். மார்லன் பிராண்டோவோ (நான் அவர் ரசிகன் வேறு!) கிளர்ச்சிக்காரன் கிறிஸ்டியனைப் பட்டு அங்கி போட்ட மைனராக்கிவிட்டார். பழையதில் கிறிஸ்டியனாக வந்த கிளார்க் கேபிளின் கோபத்தை நம்ப முடிந்தது. பழைய படம் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. புதியதற்கு 7 பரிந்துரைகள், கிடைத்தது பூஜ்யம். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடும். புயல் காட்சியை மட்டும் தவறவிடாதீர்கள்.