பேப்பரில் போட்டால் போதுமா?

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். பாபநாசம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அப்பா சுயமாகச் சம்பாதித்து வாங்கிய மூன்று மா நஞ்சையும் ஓர் ஓட்டு வீடும் இருக்கின்றன. அப்பா, அம்மா இருவரும் இறந்துவிட்டார்கள். உயில் இல்லை. நானும் அண்ணனும் மட்டும்தான். அண்ணன் கோபித்துக்கொண்டு போய்ப் பல வருஷம் ஆகிறது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருப்பதாக, நாலு வருஷம் முன்பு நேரில் பார்த்த சித்தப்பா மகன் சொன்னான். பாகம் கேட்டு வழக்குப் போட்டேன். அமீனா (சம்மன் கொண்டு வரும் கோர்ட் ஊழியர்) வந்து பார்த்துவிட்டு, ஆள் இல்லை என்று சம்மனைத் திருப்பிவிட்டார். இனி பேப்பரில் போட்டுவிட்டால் போதும், தஞ்சாவூர் பதிப்பில் செலவு குறைவு என்கிறார் குமாஸ்தா. அண்ணன் பேப்பரே படிக்க மாட்டார். பின்னால் வந்து தீர்ப்பை உடைத்துவிட மாட்டாரா?
— பெயர் வேண்டாம், பாபநாசம் வட்டம்

பதில்: அம்மா, அண்ணன் பேப்பர் படிப்பாரா என்பது சட்டத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. 2008-ல் ஒரு வங்கிக் கடன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வட்டாரத்தில் பரவலாகப் போகும் நாளிதழில் சம்மன் வெளியான பிறகு, நான் அந்தப் பேப்பருக்குச் சந்தாதாரர் இல்லை, வாசகர் இல்லை என்ற பேச்சு எடுபடாது.

எனக்கு உறுத்துவது வேறு. அமீனா எந்த வீட்டுக்குப் போனார்? நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், பிராதில், அதாவது வழக்கு மனுவில், அண்ணனுக்கு ஊர் விலாசத்தைத்தான் கொடுத்திருக்கிறீர்கள். பல வருஷமாக அவர் இல்லாத வீட்டில் போய்த் தேடினால் எப்படிக் கிடைப்பார்? அமீனாவைக் குறை சொல்ல முடியாது. போனேன், இன்னார் அடையாளம் காட்டினார், கேட்டதில் பிரதிவாதி இங்கே குடியிருக்கவில்லை என்று அறிக்கை எழுதி, சாட்சியிடம் கையெழுத்தும் வாங்கியிருப்பார். நாளைக்கு அண்ணன் வந்தால் அவர் வக்கீல் முதலில் எடுத்துக் காட்டுவது அந்த அறிக்கையைத்தான். ‘திருப்பூரில் இருக்கிறார் என்று தெரிந்தும் இங்கே தேடியிருக்கிறார்கள்’ என்பார். உங்கள் சித்தப்பா மகனே அவருக்குச் சாட்சி.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 5, விதி 20 என்று ஒன்று உண்டு. பிரதிவாதி வேண்டுமென்றே ஒளிந்துகொள்கிறார், அல்லது வேறு காரணத்தால் வழக்கமான முறையில் சம்மன் சார்வு செய்ய, அதாவது அவரிடம் சேர்ப்பிக்க, முடியவில்லை என்று நீதிமன்றம் திருப்தி அடைந்தால், மாற்று வழிக்கு உத்தரவிடலாம். நீதிமன்றப் பலகையிலும், அவர் கடைசியாகக் குடியிருந்த வீட்டின் கண்ணில் படும் இடத்திலும் ஒட்டுவது ஒரு வழி. பத்திரிகை விளம்பரம் இன்னொன்று. எந்தப் பத்திரிகை என்பதற்கும் விதி இருக்கிறது. அவர் கடைசியாக உண்மையிலேயே குடியிருந்ததாக, அல்லது தொழிலோ வேலையோ பார்த்ததாகத் தெரியவரும் வட்டாரத்தில் போகும் நாளிதழாக இருக்க வேண்டும். உங்கள் அண்ணனுக்கு அது திருப்பூர். தஞ்சாவூர் பதிப்பில் வருகிற விளம்பரம் திருப்பூரில் விற்கும் தாளில் இருக்காது. குமாஸ்தா மிச்சம் பிடிக்கும் காசு பின்னால் உங்கள் தலையில்தான் விழும்.

அதனால் முதலில் சித்தப்பா மகனைப் பிடித்து உட்கார வையுங்கள். எந்தக் கம்பெனி, எந்தத் தெரு, யாரோடு குடியிருந்தார், பழைய போன் நம்பர் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அண்ணி வீட்டாரிடமும் விசாரியுங்கள். இன்னொன்றும் கேட்கிறேன்: பங்குனியில் வலங்கைமான் பாடைக் காவடிக்கோ உங்கள் ஊர்க் கோயில் திருவிழாவுக்கோ அண்ணன் வந்து போகிறாரா? கூடப் பிறந்தவளிடம் முகம் கொடுக்காதவர்கள்கூட அம்மனிடம் வராமல் இருப்பதில்லை. அன்றைக்கு ஊரில் வைத்து அமீனா சம்மனை அவர் கையில் கொடுத்துவிட்டால் பேப்பர் செலவே இல்லை.

திருப்பூர் விலாசம் கிடைத்தால் திருத்த மனு போட்டு, பேட்டா (சம்மன் கொண்டுபோகும் கட்டணம்) கட்டுங்கள். சம்மன் அந்த ஊர் நீதிமன்றம் வழியாகப் போகும். கூடவே ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டிலும் போகட்டும் (பழைய பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீட் போஸ்டோடு இணைந்துவிட்டது). தபால்காரர் ‘வாங்க மறுத்தார்’ என்று எழுதித் திருப்பினால் நல்லதுதான், அதையே சார்வு ஆனதாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். ‘இடம் மாறிவிட்டார்’ என்று வந்தால்தான் விதி 20. அப்போது நீங்கள் போடும் பிரமாணப் பத்திரத்தில் ‘எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை’ என்ற ஒற்றை வரி போதாது. எங்கே போனீர்கள், யாரைக் கேட்டீர்கள், என்ன பதில் சொன்னார்கள் என்பதெல்லாம் வர வேண்டும். திரும்பி வந்த தபால் உறைகளையும் பிரிக்காமல் சேருங்கள்.

விளம்பர வாசகத்தை அச்சுக்குப் போகும் முன் நீங்களே ஒரு தடவை படியுங்கள். நம் ஊரில் ஒரே இனிஷியலில் ஒரே பெயரில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். தகப்பனார் பெயர் முழுதாக, ஊர்க் கதவிலக்கம், திருப்பூர் விலாசம், வழக்கு எண், வாய்தா தேதி எல்லாம் சரியா என்று பாருங்கள். வாய்தா தேதி தப்பாக அச்சாகி மறுபடி பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும். வெளிவந்த பிறகு கத்தரித்த துண்டை மட்டும் நீட்டாதீர்கள், தேதி தெரிகிற முழுத் தாளையும் கொடுங்கள்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். ஆம், அவர் வரலாம். ஒருதலைப்பட்சத் தீர்ப்பை, அதாவது பிரதிவாதி வராமலே சொன்ன தீர்ப்பை, ரத்து செய்யக் கேட்க 30 நாள் காலவரம்பு. சம்மன் முறையாகச் சார்வு ஆகியிருந்தால் அது தீர்ப்பு தேதியிலிருந்து ஓடும், ஆகாவிட்டால் அவருக்குத் தீர்ப்பு தெரிந்த நாளிலிருந்து ஓடும். காலவரம்புச் சட்ட அட்டவணையின் 123-ஆம் ஷரத்து, விதி 20-ன்படி செய்த மாற்றுச் சார்வை இந்தக் கணக்குக்கு முறையான சார்வாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றே விளக்கம் சொல்கிறது. வழக்கை நடத்தப் பேப்பர் விளம்பரம் போதும், அண்ணனின் 30 நாளை ஓட வைக்க அது போதாது. எத்தனையோ பேர் இது தெரியாமல் தீர்ப்பு நகலைப் பெட்டியில் பூட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள்.

ஆனால் உங்கள் வழக்கில் அவர் உடைக்க என்ன இருக்கிறது? நீங்கள் கேட்பது உங்கள் சரிபாதி. அவர் பாதி அவர் பெயரில்தான் இருக்கும். அதையும் சேர்த்து வளைத்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஏழு வருஷம் தகவலே இல்லாதவரை இறந்ததாக அனுமானிக்கும் சட்டம் இருக்கிறதே என்பார்கள். நாலு வருஷம் முன்பு பார்த்த ஆளுக்கு அது பொருந்தாது.

கேள்வி: பேராவூரணி பக்கம் சொந்த ஊர். பத்து வருஷமாகச் சிங்கப்பூரில் வேலை. போன வாரம் லீவில் வந்தபோதுதான், எங்கள் தென்னந்தோப்பு தனக்கே சொந்தம் என்று பெரியப்பா தீர்ப்பு வாங்கியிருப்பது தெரிந்தது. எனக்குப் பேப்பரில் நோட்டீஸ் கொடுத்தாராம். என் விலாசமும் நம்பரும் அவருக்கு நன்றாகத் தெரியும்.
— ஒரு வாசகர்

பதில்: தம்பி, மேலே சொன்ன 30 நாள் உங்களுக்குப் போன வாரமே ஓட ஆரம்பித்துவிட்டது. லீவு முடிவதற்குள் இரண்டு காரியம். முதலாவது, நகல் மனு போட்டுத் தீர்ப்பையும், பெரியப்பா கொடுத்த விதி 20 மனுவையும் பிரமாணப் பத்திரத்தையும் வாங்குங்கள். ‘விலாசம் தெரியாது’ என்று சத்தியம் செய்திருந்தால் உங்களுக்கு அதுவே ஆயுதம். அவருக்கு நீங்கள் அனுப்பிய பணத்தின் ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, உங்கள் சிங்கப்பூர் விலாசத்துக்கு வந்த கல்யாணப் பத்திரிகை உறை எதையும் விடாதீர்கள். இரண்டாவது, வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். தோப்பு மூன்றாவது ஆளுக்குக் கைமாறியிருந்தால் வேலை கூடும்.

கட்டளை 9, விதி 13-ன் கீழ் ரத்து மனு இங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். முடியாவிட்டால் சிங்கப்பூரில் இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சியோடு அனுப்பலாம். ஒரு எச்சரிக்கை: வழக்கு நடக்கும்போதே யாராவது சொல்லி உங்களுக்கு வாய்தா தேதி தெரிந்திருந்தால், அதை உங்கள் வக்கீலிடம் மறைக்காதீர்கள். தேதி தெரிந்து, வர அவகாசமும் இருந்தவருக்குச் சார்வில் உள்ள சின்னக் கோளாறுக்காக மட்டும் தீர்ப்பை ரத்து செய்யக் கூடாது என்று அதே விதி சொல்கிறது.

கேள்வி: சம்மனை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லுமா?
— ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: கொரோனா காலத்தில், 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மின்னஞ்சலோடு சேர்த்து அதற்கும் வழிவிட்டது. ஆனால் நீங்களாகவே போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, இரண்டு நீல டிக் வந்துவிட்டது என்று நீதிபதியிடம் நீட்டக் கூடாது. மனு கொடுத்து அனுமதி வாங்குங்கள். அந்த நம்பர் அவருடையதுதான் என்று காட்டும் பொறுப்பும் உங்களுடையது.