செங்கல் பொடியும் ஐந்து செட்டும்: பிரெஞ்சு ஓபன் ஆடவர் ஒற்றையர் கேள்வி–பதில்

பாரிஸ் ஆடுகளத்தின் சிவப்பு மண்ணை எவ்வளவு ஆழத்துக்குக் கொட்டியிருக்கிறார்கள்? மழை பெய்தால் சேறாகிவிடாதா?
(கும்பகோணம் வாசகர்)

சிவப்பாகத் தெரிவது செங்கல்லை அரைத்த பொடி. கனம் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர்தான், வாசல் கோலத்துக்குத் தூவும் மாவுபோல. பந்து உண்மையில் குத்தி எழும்புவது அதற்குக் கீழே இருக்கும் வெள்ளைச் சுண்ணாம்புக்கல் தூளில். அந்த அடுக்கை ஏழெட்டு சென்டிமீட்டர் கனத்துக்கு இறுக்கிப் பரப்பியிருப்பார்கள். அதற்கடியில் ஏறக்குறைய அதே கனத்தில் நிலக்கரி எரிந்து மிஞ்சிய கசடு, அதற்கும் கீழே சரளை, எல்லாவற்றுக்கும் அடியில் பெரிய கற்கள். மொத்த ஆழம் சுமார் 80 சென்டிமீட்டர்.

கல்லும் சரளையும் மழைநீரை வடிப்பதற்கு. கசடு ஈரத்தைப் பிடித்துவைத்து மேலே இருக்கும் சுண்ணாம்புத் தூளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. ஈரம் போனால் சுண்ணாம்பு இறுக்கம் தளர்ந்து பொடிந்துவிடும். பந்து தாறுமாறாக எழும்பும். அதனால்தான் ஆட்டங்களுக்கு நடுவே குழாயோடு வந்து லேசாகத் தண்ணீர் தெளிக்கிறார்கள். ஆழமாக நனைப்பது ராத்திரி வேலை. ஒவ்வொரு செட் முடிந்ததும் தரையில் ஒரு வலைத்துணியை இழுத்துப் பொடியைச் சமப்படுத்தி, கோடுகளைத் துடைப்பார்கள். பொடி ஓரிடத்தில் குவிந்தால் கால் வழுக்கும். காற்றடித்துப் பறந்துபோனால் வெள்ளைத் திட்டுகள் தெரியும். அங்கே சறுக்க நினைத்தால் காலணி பிடித்துக்கொண்டு கணுக்கால் திரும்பிவிடும்.

சின்னத் தூறலில் ஆட்டம் தொடரும். பெருமழை என்றால் தார்ப்பாய். பிலிப் ஷாத்ரியே அரங்கத்துக்கு 2020லும், சுசான் லாங்லென் அரங்கத்துக்கு 2024லும் கூரை வந்துவிட்டது. மற்ற களங்களுக்கு இன்னும் வானம்தான் கூரை.

சாம்ப்ராஸ், பெக்கர், எட்பெர்க், மெக்கன்ரோ… இத்தனை பெரிய ஆட்களும் பாரிஸில் ஏன் கோட்டைவிட்டார்கள்?
(திருச்சி வாசகர்)

நால்வருடைய பிழைப்பும் சர்வ் போட்டுவிட்டு வலைக்கு ஓடுவது. களிமண் தரை என்று பெயர்பெற்ற இந்தச் செங்கல்பொடித் தரை அந்தப் பிழைப்பில்தான் கைவைக்கும். இங்கே பந்து விழும்போது உராய்வு அதிகம். முன்னோக்கிப் போகிற வேகம் குறைந்து, உயரமாக எழும்புகிறது. புல்தரையில் காலடியில் வழுக்கிப் போகும் சர்வ், இங்கே எதிராளியின் தோளுக்கு வந்து நிற்கும். அவரும் எல்லைக்கோட்டுக்கு மூன்று நான்கு மீட்டர் பின்னால் போய் நின்றுகொள்வார். வலைக்கு வந்தவரைத் தாண்டி அடிக்க நிதானமாக நேரம் கிடைக்கும்.

சாம்ப்ராஸ் எட்டிய உச்சம் 1996 அரையிறுதி. பெக்கர் களிமண் தரையில் ஒரு பட்டம்கூட வென்றதில்லை. மெக்கன்ரோ 1984 இறுதியில் முதல் இரண்டு செட்டை வென்ற பிறகு லெண்டிலிடம் தோற்றார். எட்பெர்க் 1989 இறுதியில் 17 வயது மைக்கேல் சாங்கிடம் ஐந்து செட் ஆடித் தோற்றார்.

இந்தத் தரைக்கென்றே செய்ததுபோல ஒரு அடி உண்டென்றால், அது டாப் ஸ்பின் (பந்தை முன்னோக்கிச் சுழலவிடுவது) கலந்த நடாலின் இடதுகை ஃபோர்ஹேண்ட். எதிரில் இருப்பவர் வலதுகைக்காரர் என்றால் அவருடைய பேக்ஹேண்ட் பக்கம் போய்த் தோளுக்கு மேல் ஏறும். அந்த உயரத்திலிருந்து ஒற்றைக் கையால் வலுவாகத் திருப்புவது மிகக் கடினம். ஃபெடரர் பாரிஸில் நடாலை ஒருமுறைகூட வெல்லாததற்கு முதல் காரணம் இதுதான் என்பது என் எண்ணம். 2005 முதல் 2022 வரை நடாலுக்கு 14 பட்டங்கள். ஆடிய ஆட்டங்களில் 112 வெற்றி, 4 தோல்வி. வீழ்த்தியவர்கள் சோடர்லிங் (2009), ஜோகோவிச் (2015, 2021), ஸ்வெரெவ் (2024).

பின்னால் போய் நிற்பவர்களுக்கு மருந்து டிராப் ஷாட். வலையை ஒட்டி விழும் பந்தை எடுக்க ஏழெட்டு மீட்டர் ஓடிவர வேண்டும். வந்தாலும் நிற்க முடியாமல் சறுக்கும். அல்கராஸ் இதில் கைதேர்ந்தவர். 1989 நான்காவது சுற்றில் தசைப்பிடிப்போடு ஆடிய சாங், லெண்டிலுக்குக் கீழ்க்கையால் சர்வ் போட்டதும் இதே கணக்குதான். அப்போது திகைத்த கூட்டம், இப்போதும் யாராவது போட்டால் கூச்சல் போடுகிறது. விதியில் தடையில்லை.

வெயில், குளிருக்கு ஏற்ப ராக்கெட் ஸ்ட்ரிங்கின் இழுவையை மாற்றுவார்களாமே? கிளப்பில் ஆடும் எனக்கும் அது பயன்படுமா?
(கோவை வாசகர்)

பயன்படும். வெயில் நாளில் பந்து துள்ளிப் பறக்கும். இழுவையைக் கூட்டினால் கட்டுப்பாடு கிடைக்கும். குளிரிலும் ஈரத்திலும் பந்து பொடியை அப்பிக்கொண்டு கனத்துவிடும். இழுவையைக் குறைத்தால் ஸ்ட்ரிங்கே கொஞ்சம் உந்தித் தரும். வழக்கமாக 24 கிலோவில் கட்டுகிறவர் குளிர் நாளில் 23க்கு இறங்கினால் போதும். இரண்டு மூன்று கிலோ ஒரேயடியாக மாற்றினால் பந்து எங்கே போகும் என்று கைக்கே தெரியாது. 2020ல் கொரோனாவால் போட்டி செப்டம்பர் கடைசிக்குத் தள்ளிப்போய், கடுங்குளிரில் நடந்தது. பந்து கனக்கிறது என்று நடால் குறைபட்டுக்கொண்டார். குறைபட்டுக்கொண்டே ஒரு செட்டும் இழக்காமல் பட்டத்தையும் வென்றார்.

இன்னொன்று: பொடி ஸ்ட்ரிங்குகள் குறுக்கிடும் இடங்களில் புகுந்து உப்புத்தாள்போல அராவும், சீக்கிரம் அறுந்துவிடும். ஆடி முடித்ததும் சின்ன பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். காலணி அடிப்பாகம் முழுக்க மீன்முள் வரி இருக்க வேண்டும். வரியில் பொடி அடைத்தால் பிடிப்பு போய்விடும். வீரர்கள் ராக்கெட்டால் காலணியைத் தட்டுவது அதற்காகத்தான். சறுக்கும்போது, பந்தை அடிக்கும் நேரத்தில் சறுக்கல் முடியும்படி பாருங்கள். அடித்த பிறகு சறுக்கிக்கொண்டே போனால் அடுத்த பந்துக்குத் திரும்ப முடியாது.

நடுவர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து தரையைப் பார்க்கிறாரே, மற்ற போட்டிகளைப் போல பந்து உள்ளேயா வெளியேயா என்று சொல்லும் இயந்திரம் வைத்தால் என்ன?
(திருநெல்வேலி வாசகி)

2025 போட்டியிலும் பாரிஸ் லைன் நடுவர்களைத்தான் வைத்திருந்தது. களிமண்ணில் பந்தின் தடம் பதிகிறது, அதுவே சாட்சி என்பது அவர்கள் வாதம். சிக்கல் சரியான தடத்தைக் கண்டுபிடிப்பதில். நான்கு கேம் ஆடிய களத்தில் நூறு தடங்கள் இருக்கும். அதனால் நல்ல நடுவர் பந்து விழுந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காமலே இறங்கி வருவார். வேகமான பந்தின் தடம் நீள்வட்டமாகவும், தூக்கியடித்த பந்தின் தடம் ஏறக்குறைய வட்டமாகவும் இருக்கும். கோட்டைத் துளி தொட்டிருந்தாலும் பந்து உள்ளே. தடம் தெளிவில்லை என்றால் முதலில் சொன்ன தீர்ப்பே நிற்கும்.

வீரர்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. பாயின்ட்டை முடித்த அடிக்குத்தான் தடம் பார்க்கக் கேட்கலாம். அல்லது பந்தைத் திருப்பிய கையோடு உடனே நிறுத்த வேண்டும். நிறுத்தியவர் சொன்னது தவறு என்றால் பாயின்ட் போய்விடும். நடுவர் பார்ப்பதற்குள் தடத்தை அழித்தால் எதிராளி சொன்னதை ஒப்புக்கொண்டதாகிவிடும். வலையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் எச்சரிக்கை.

இயந்திரம் வந்தாலும் சண்டை தீரவில்லை. 2025ல் மாட்ரிட் களிமண்ணில் இயந்திரத் தீர்ப்பை ஏற்காத ஸ்வெரெவ், தடத்தைக் கைபேசியில் படம்பிடித்து எச்சரிக்கை வாங்கினார்.

ஐந்தாவது செட் எதுவரை போகலாம்? நடுவில் தசைப்பிடிப்பு வந்தால் சிகிச்சைக்கு நேரம் தருவார்களா?
(யாழ்ப்பாணம் வாசகர்)

2022 முதல் 6–6 ஆனதும் பத்து பாயின்ட் டைபிரேக்கர்: முதலில் பத்தைத் தொடுபவருக்கு செட். இரண்டு பாயின்ட் வித்தியாசம் வேண்டும். அதற்கு முன் இரண்டு கேம் முன்னிலை கிடைக்கும்வரை ஆடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். 2004ல் சாந்தோரோவும் கிளெமானும் 6 மணி 33 நிமிடம் ஆடினார்கள். இருட்டிவிட்டதால் மறுநாள் தொடர்ந்து, கடைசி செட் 16–14ல் முடிந்தது.

இறுதி ஆட்டங்களில் நீளமானது 2025ல் நடந்தது: அல்கராஸ், சின்னர், 5 மணி 29 நிமிடம். நான்காவது செட்டில் 3–5, 0–40 என்று மூன்று சாம்பியன்ஷிப் பாயின்ட்டுக்கு எதிரே நின்ற அல்கராஸ் மீண்டுவந்து, கடைசி டைபிரேக்கரை 10–2 என்று வென்றார். மொத்தப் பாயின்ட்டை எண்ணினால் சின்னருக்கு ஒன்று அதிகம்: 193க்கு 192. டென்னிஸில் எத்தனை பாயின்ட் என்பதைவிட எந்தப் பாயின்ட் என்பதுதான் கணக்கு.

தசைப்பிடிப்பு பற்றியும் கேட்டிருந்தீர்கள். காயத்துக்கு மூன்று நிமிடச் சிகிச்சை இடைவேளை உண்டு, தசைப்பிடிப்புக்குக் கிடையாது. பக்கம் மாறும் நேரத்தில்தான் பிசியோ தொடலாம். 2004 இறுதியில் இரண்டு செட் முன்னிலையில் இருந்த கோரியா தசைப்பிடிப்பால் தடுமாறி, இரண்டு மேட்ச் பாயின்ட்டையும் கோட்டைவிட்டு, காவ்தியோவிடம் 8–6 என்று கடைசி செட்டை இழந்தார்.

128 பேரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?
(சேலம் வாசகர்)

தரவரிசைப்படி 104 பேர் நேரடியாக. 8 பேருக்கு வைல்டு கார்டு, அதாவது போட்டி நடத்துபவர்களின் சிறப்பு அழைப்பு. மீதி 16 இடத்துக்குத் தகுதிச் சுற்று: அங்கே மூன்று செட் ஆட்டம், மூன்று ஆட்டங்களையும் வெல்ல வேண்டும். முதல் 32 பேரை, மூன்றாவது சுற்றுக்கு முன் ஒருவரையொருவர் சந்திக்காதபடி பிரித்துவைப்பார்கள். அந்தப் பட்டியலில் இல்லாதவரும் வெல்லலாம்: 1997ல் பட்டம் வென்ற குயர்ட்டன் தரவரிசையில் 66வது.

முதல் சுற்றில் தோற்றாலே 2025ல் 78,000 யூரோ. அதனால் முன்பு காயத்தோடு வந்து ஒரு செட் ஆடிவிட்டுக் காசோடு போவார்கள். இப்போது ஆடாமல் விலகினால் பாதித் தொகை. மீதிப் பாதி அவர் இடத்தில் இறங்கும் ‘லக்கி லூசர்’ (தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றும் வாய்ப்புப் பெற்றவர்) கையில்.

நம்மவர் யாராவது?
(மயிலாப்பூர் வாசகர்)

ராமநாதன் கிருஷ்ணன் 1962ல் காலிறுதி. மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979ல் ஜூனியர் ஒற்றையர் பட்டம். சென்னையில் பிறந்த மகேஷ் பூபதி 1997ல் ஹிராகியோடு கலப்பு இரட்டையர், 1999ல் பயஸோடு இரட்டையர். ஆடவர் ஒற்றையர் பட்டம் இதுவரை இல்லை.

இந்திய நேரப்படி எப்போது பார்க்கலாம்?
(ஈரோடு வாசகி)

பாரிஸ் கடிகாரத்தோடு மூன்றரை மணி கூட்டுங்கள். வெளிக் களங்களில் பகல் 2:30க்கும், ஷாத்ரியே அரங்கில் 3:30க்கும் தொடக்கம். இரவு ஆட்டம் ஒன்றுதான், 11:45க்கு. ஐந்து செட் போனால் விடியற்காலை ஆகிவிடும். ஆடவர் இறுதி ஞாயிறு மாலை 6:30.