மரம் எண்ணும் படிப்பு

மதிப்பிற்குரிய ஐயா,

தாவரச் சூழலியல், அதாவது செடிகொடிகளுக்கும் அவை வாழும் சூழலுக்கும் உள்ள உறவை ஆராயும் படிப்பு பற்றிக் கேட்கப் பரங்கிப்பேட்டையிலிருந்து மகளுடன் வந்திருந்தபோது, "மரத்தை எண்ணுவதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?" என்று கேட்டீர்கள். அன்று அவசரத்தில் அரைகுறையாகச் சொன்ன பதிலை இப்போது முழுமையாக எழுதுகிறேன்.

தங்கள் ஊருக்கு அருகிலுள்ள பிச்சாவரம் அலையாத்திக் காட்டையே எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலேயர் காலம் தொட்டு 1970கள் வரை அங்கே பகுதி பகுதியாக மரங்களை அடியோடு வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் காடு தானே முளைத்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் நிழல் போன மண்ணில் வெயில் பட்டு, ஈரம் வற்றி, நிலம் தொட்டிபோல் தாழ்ந்தது, ஓதத்தில் (கடல் ஏற்றத்தில்) உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியின்றித் தேங்கி வற்ற வற்ற உப்பு ஏறியது, கன்றுகள் பிழைக்கவில்லை. இந்தக் காரணம் விளங்கிய பிறகே, 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து கால்வாய் வெட்டி, ஓதநீர் வந்துபோக வழிசெய்து, கன்று நட்டுக் காட்டை மீட்டனர். காரணம் தெரியாமல் கன்று மட்டும் நட்டிருந்தால் செலவுதான் மிஞ்சியிருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் வேலைக்குத்தான் சம்பளம்.

இத்துறையின் தனித்தன்மை பொறுமை. முதுமலையில் 1988ஆம் ஆண்டு 50 ஹெக்டேர் காட்டைக் குறித்துவைத்து, ஒரு சென்டிமீட்டர் தடிமன் உள்ள தண்டு முதல் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, எது செத்தது, எது புதிதாக வந்தது என்று ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். யானை ஒடித்ததா, தீ தின்றதா, மழை பொய்த்ததா என்பதை ஒரே ஆண்டின் கணக்கு பிரித்துக் காட்டாது. ஆகவே செடிகொடி மீதுள்ள ஆசையைவிடப் புள்ளியியலே இங்கு முதல் தேவை. அன்று இதைச் சொன்னபோது தங்கள் மகள் ரசிக்கவில்லை என்பதை அவர் முகத்திலேயே கண்டேன்.

படிப்புக்கு வெகுதூரம் போக வேண்டாம். இளநிலையில் தாவரவியல், பிறகு புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சூழலியல் முதுநிலை, அதற்குப் பொது நுழைவுத்தேர்வு. 1955 முதல் இயங்கும் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் சூழலியல் பிரிவும், ஆய்வுக்காகச் செடிகளை உலர்த்திப் பாதுகாக்கும் உலர்தாவரத் தொகுப்பும் உள்ளன.

வருமானத்தை மறைக்காமல் சொல்கிறேன். தேசியத் தகுதித் தேர்வில் (நெட்) முனைவர் பட்ட ஆய்வுக்கான இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால், 2023 முதல் உள்ள விகிதப்படி மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். அது கிடைக்காதவர்கள் பெரும்பாலும் திட்டப் பணிகளில் சேர்கிறார்கள். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. முப்பது வயது கடந்தும் காத்திருக்க நேரலாம். தாவரவியல் பட்டத்துடன் இந்திய வனப்பணித் தேர்வு எழுதலாம் என்றாலும், அது பெரிதும் நிர்வாகப் பணி என்பதை இப்போதே அறிந்திருப்பது நல்லது.

ஒன்றைக் கேட்க மறந்துவிட்டேன். மேல்நிலையில் அவர் எடுத்திருப்பது கணிதத்துடன் கூடிய உயிரியலா, கணிதம் இல்லாத பிரிவா? இரண்டாவது எனில், புள்ளியியலைத் துணைப்பாடமாகத் தரும் கல்லூரியைத்தான் நாம் தேட வேண்டும். மதிப்பெண் பட்டியல் வந்ததும் அவரையே பேசச் சொல்லுங்கள்.