வாசகர் கேள்வி – பதில்: பனியுகத்தில் நம் மலை

கேள்வி: உலகமெல்லாம் பனி உறைந்த காலத்தில் நுவரெலியாவிலும் பனிமலை இருந்ததா? அப்போது இங்கிருந்தவர்கள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள்?
– வாசகி, ஹட்டன்

பனிமலை இருக்கவில்லை. தை மாதக் காலையில் தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடுகிறதே, அந்த உறைபனி அன்று இன்னும் அடிக்கடி விழுந்திருக்கும், அவ்வளவுதான். இங்கே பெரிய இடைஞ்சல் குளிரல்ல, வறட்சி. சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன் உலகத்துத் தண்ணீரில் ஒரு பங்கு வட நாடுகளில் பனியாக முடங்கியது. கடல் ஏறத்தாழ 120 மீற்றர் இறங்கிவிட்டது. பாக்கு நீரிணை தரையானது. இந்தியாவுக்கு நடந்தே போகலாம். கடல் குளிர்ந்ததில் தென்மேல் பருவக்காற்றும் மெலிந்தது.

இதையெல்லாம் எப்படிச் சொல்கிறார்கள் என்றால், ஹோட்டன் சமவெளிச் சதுப்பின் கருஞ்சேற்றை வைத்துத்தான். குழாயை இறக்கிச் சேற்றை அப்படியே உருவி எடுத்து, மெல்லிய துண்டுகளாக வெட்டுவார்கள். ஒவ்வொரு துண்டையும் பொட்டாசியம் ஹைட்ரொட்சைட்டில் சூடாக்கினால் மட்கு போய்விடும். ஹைட்ரோபுளோரிக் அமிலம் மணலைக் கரைத்துவிடும். மிஞ்சுகிற மகரந்தத்தை நுணுக்குக்காட்டியில் எண்ண வேண்டும், துண்டுக்கு 300 மணியாவது. இன்றைய புல்லின் வேர் கீழ்ப்படைக்குள் இறங்கியிருந்தால் படையின் வயதைச் சொல்லும் காபன் கணக்குக் கெட்டு, பழைய படை இளசாகத் தெரியும். அதனால் வேரை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்த பிறகே ஆய்வுக்கு அனுப்புவார்கள். எந்தப் படையில் எந்தச் செடியின் மகரந்தம் இருக்கிறது என்று இப்படிப் பார்த்ததில், ஏறத்தாழ 24,000 முதல் 18,500 ஆண்டுகளுக்கு முன்வரை மேட்டில் வறண்ட காலம், பிறகு மழை மெல்லத் திரும்பியது என்று தெரிகிறது.

ஆனால் மேட்டில் மழை குறைந்தபோதும் தென்மேற்குச் சரிவின் காடு அழிந்துபோகவில்லை. ஹட்டனிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் இறங்கும்போது வருகிற கித்துல்கல, அதற்குத் தெற்கே குருவிட்ட, புளத்சிங்கள ஆகிய பகுதிகளின் குகைகளில் மனிதர் தங்கிய தடயம் கிடைத்திருக்கிறது. இவற்றில் பழையது புளத்சிங்களவுக்கு அருகிலுள்ள பாஹியன் குகை, சுமார் 48,000 ஆண்டு. இத்தகைய இடங்களில் கிடைத்த பழைய மனிதப் பற்களின் எனாமலில் உள்ள காபனை அளந்து 2015இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அடர்ந்த காட்டின் நிழலில் வளர்ந்ததைத் தின்றவருக்கு ஓர் அளவு, புல்வெளி மேய்ச்சல் விலங்கைத் தின்றவருக்கு வேறோர் அளவு. எனாமல் சிறு வயதில் உருவானால் பிறகு மாறாது என்பதால் இந்தக் கணக்கை நம்பலாம். வறண்ட காலத்திலும் அவர்கள் காட்டுணவையே பெரிதும் நம்பியிருந்தார்கள் என்பதுதான் விடை.

கேள்வி: மரையும் மானும் இருக்க, குரங்கையும் அணிலையுமா தின்றார்கள்?
– பதுளை வாசகர்

ஆமாம், பாஹியன் குகை எலும்புகளில் பெரும்பகுதி மந்தி, குரங்கு, மலையணில்தான். யோசித்துப் பாருங்கள்: அடர்காட்டில் மரை ஒன்றைத் துரத்திப் பிடிப்பது இலேசில்லை, மரத்தில் இருப்பதோ வருடம் முழுக்க இருக்கிறது. வேட்டையானவற்றில் பெரும்பாலும் முழு வளர்ச்சி பெற்றவை, குட்டிகள் குறைவு. கூட்டம் அற்றுப்போகாமல் பார்த்துக்கொண்டார்கள் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

உச்சிக் கிளைக்கு ஈட்டி எட்டாது. குகையில் நூற்றுக்கு மேற்பட்ட எலும்பு முனைகள் கிடைத்தன. ஈட்டிக்கு அவை மிகச் சிறியவை, நுனியில் வேகமாக மோதி முறிந்த தடம் இருக்கிறது. வில்லின் மரம் மக்கிப்போனாலும் அம்புதான் என்று சொல்ல இது போதும். அப்படி முனை செய்ய ஈர எலும்பு வேண்டும், காய்ந்தது வெட்டியவுடன் சிதறிவிடும். குரங்கின் கை, கால் எலும்பை நீளவாக்கில் பிளந்து, குவாட்ஸ் (வெங்கச்சங்கல்) விளிம்பால் சுரண்டி, சொரசொரப்பான கல்லில் தேய்ப்பது வழி. நுனியை அளவுக்கு மீறி மெலித்தால் முதல் அடியிலேயே உடையும்; அடிப்பக்கத்தை வழுவழுப்பாக்கினாலோ கட்டிய நார் நழுவும்.

இறைச்சி மட்டுமல்ல. கெக்குணக் கொட்டை, காட்டு ஈரப்பலா, காட்டு வாழை, மரநத்தை எல்லாம் சேர்ந்ததுதான் அவர்கள் உணவு. குகைகளில் நடுவில் குழி விழுந்த கற்களும் உண்டு. கெக்குணையை அந்தக் குழியில் நிறுத்தி மேலிருந்து அடித்தால் வழுக்காமல் உடையும். ஒன்று பழுக்காத வருடம் இன்னொன்று கைகொடுக்கும். கடற்கரையோடும் தொடர்பு விடவில்லை. கடலுக்கு எட்டாத குருவிட்ட பட்டதொம்பலென குகையில் கடற்சிப்பி மணியும் சுறாப் பல்லும் கிடைத்தன.

கேள்வி: ஹோட்டன் சமவெளியில் 17,000 வருடத்துக்கு முன்பே பார்லி பயிரிட்டார்களாமே?
– தலவாக்கலை வாசகர்

அப்படி ஒரு கருத்து வந்தது உண்மை. பெரிய மகரந்த மணியை வைத்துச் சொன்னது. ஆனால் சில காட்டுப் புற்களின் மகரந்தமும் அந்த அளவுக்கு வளரும். கருகிய தானியம் ஒன்று கிடைக்கும் வரை நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி: தேயிலை மலையில் கான் வெட்டும்போது சின்னச் சின்ன வெள்ளைக் கற்சில்லுகள் வந்தன. பழைய ஆயுதமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– பண்டாரவளை வாசகர்

வெங்கச்சங்கல், அதாவது குவாட்ஸ், மண்வெட்டி பட்டாலே கூராக உடையும். ஒற்றைச் சில்லை வைத்து முடிவு செய்ய வேண்டாம். விளிம்பைப் பாருங்கள்: ஒரே பக்கமாக, வரிசையாகச் சின்னச் சின்னக் கொத்து இருந்தால் மனிதக் கை. பிறை, முக்கோணம் போன்ற வடிவில் 4 சென்ரிமீற்றருக்குக் குறைந்தவை பல ஒரே இடத்தில் இருந்தால் பழைய ஆயுதம் என்ற ஊகம் வலுக்கும். கழுவாதீர்கள், தோண்டிக்கொண்டே போகாதீர்கள். எந்த ஆழத்தில், எந்த நிற மண்ணில் இருந்தது என்பதில்தான் பாதி விசயம் இருக்கிறது. பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து கற்கள் கிடந்த இடத்திலேயே படம் எடுத்து, கிராம உத்தியோகத்தர் வழியாகத் தொல்பொருள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். 1940ஆம் ஆண்டு தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி மண்ணுக்கடியில் கிடைக்கும் தொல்பொருள் அரசுக்குரியது. வீட்டுக்கு எடுத்துப்போனால் வில்லங்கம் உங்களுக்குத்தான்.