பரணில் கிடைத்த பிராட்மேன்: கிரேடிங்குக்கு அனுப்பலாமா?

கேள்வி: எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். தாத்தா மலாயாவில் ரப்பர் தோட்டத்துக் கிராணியாக இருந்தவர். பரணை ஒழித்தபோது அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே 41 கிரிக்கெட் அட்டைகள், பிளேயர்ஸ் சிகரெட் பாக்கெட்டோடு வந்தவை. பின்பக்கம் சிலவற்றில் 1934, சிலவற்றில் 1938 என்று இருக்கிறது. 1938இல் பிராட்மேன் ஒன்று உண்டு. துபாயில் இருக்கும் மச்சான் “பிஎஸ்ஏவுக்கு அனுப்பு, லட்சத்தில் போகும்” என்கிறார். அவருடைய நண்பரோ பழைய அட்டை என்றால் எஸ்ஜிசிதான் என்கிறாராம். இரண்டும் அட்டையின் தரம் பார்த்து மதிப்பெண் போடும் (அதுதான் கிரேடிங்) அமெரிக்க நிறுவனங்களாம். யாருக்கு அனுப்புவது? போட்டோக்கள் இணைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் மூன்றாவது போட்டோவிலிருந்து தொடங்குகிறேன். அதில் நான்கு அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகக் கிடக்கின்றன. நகத்தை விட்டுப் பிரித்துவிடாதீர்கள். ஆவியில் காட்டுவது, தண்ணீரில் ஊறப்போடுவது எதுவும் வேண்டாம். 1938 வரிசைக்குப் பின்பக்கம் தபால்தலை மாதிரி பசை தடவியிருப்பார்கள், ஆல்பத்தில் ஈரம் தொட்டு ஒட்டுவதற்காக. நம் பக்கத்து ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் உப்பு ஜாடியே கசிகிறது, பசை சும்மா இருக்குமா? மழைக்கு மழை கொஞ்சம் இளகி, தை வெயிலில் இறுகி, எண்பது சொச்சம் வருடத்தில் கட்டியாகிவிட்டது. இழுத்தால் ஒருவர் முகம் இன்னொருவர் முதுகோடு வந்துவிடும். அந்த நான்கையும் அப்படியே விடுங்கள். நல்லவேளை, பிராட்மேன் தனியாக இருக்கிறார்.

சரி, கிரேடிங்குக்கு வருவோம். நிறுவனம் மூன்று காரியம் செய்கிறது. அட்டை அசலா என்று பார்க்கிறது. ஓரத்தை வெட்டியது, நிறம் பூசியது, மடிப்பை அழுத்தி மறைத்தது உண்டா என்று பார்க்கிறது. அப்புறம் 1 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் கூட்டில் வைத்து மூடிவிடுகிறது. இந்தக் கூட்டுக்குத்தான் ஸ்லாப் என்று பெயர். பழைய அட்டைக்கு முதல் இரண்டு காரியமும்தான் உயிர். மதிப்பெண் என்பது ஒரு மனிதர் கண்ணுக்குப் பட்டது. இதை நகைக்குப் போடும் 916 முத்திரை மாதிரி நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. தங்கத்தை எங்கே உரைத்தாலும் மாற்று ஒன்றுதான். கிரேடிங் அப்படியில்லை. களத்தில் நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்து, “ஈரப்பதம் பதினேழுக்குள்தான் இருக்கும்” என்று பெரியவர் ஒருவர் சொல்வதற்குத்தான் அது பக்கம். பழகிய கை பெரும்பாலும் சரியாகச் சொல்லும். ஆனால் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று சொல்லவும் கூடும்.

நானே பட்டிருக்கிறேன். லண்டனில் இருந்த நண்பர் மூலம் 1930 வரிசை துலீப்சிங்ஜி அட்டை ஒன்றை வாங்கி, அங்கிருந்தே கிரேடிங்குக்கு அனுப்பச் சொன்னேன். ஓரம் வெட்டப்பட்டது என்று எழுதி, மதிப்பெண் போடாமல் திருப்பிவிட்டார்கள். கட்டணம் போனது போனதுதான். சில மாதம் கழித்து அதே அட்டையை வேறொரு நிறுவனத்துக்கு அனுப்பினேன். சத்தமில்லாமல் 4 வந்தது. இரண்டில் யார் சொன்னது சரி? இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். அட்டையை விற்கவே இல்லை.

இதைவிடப் பெரிய கதை ஒன்று இந்தத் தொழிலின் முதல் படியிலேயே இருக்கிறது. 1991இல் பிஎஸ்ஏ தொடங்கியபோது 1 என்ற வரிசை எண் போட்டு முதலில் கூட்டில் வைத்தது, ஹோனஸ் வாக்னர் என்ற அமெரிக்க பேஸ்பால் வீரரின் சிகரெட் அட்டையை. மதிப்பெண் 8. அதை ஒரு காலத்தில் கைமாற்றிய ஏல வியாபாரி பில் மாஸ்ட்ரோ, ஓரத்தைத் தானே வெட்டியதாக 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அதற்காக பிஎஸ்ஏவை ஒதுக்கிவிட்டார்களா என்றால் இல்லை. சந்தையில் இன்றும் அதுதான் பெரியண்ணன்.

ஏன் அப்படி? சேகரிப்பாளர்களிடம் பேசிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே காரணத்தைச் சொல்வார்கள். விற்கும்போது அதே மதிப்பெண்ணுக்கு பிஎஸ்ஏ கூட்டில் பொதுவாக விலை கூடுதல். அந்த நிறுவனம் ஒரு பதிவேடு நடத்துகிறது. ஒரு வரிசையை யார் அதிக மதிப்பெண்ணோடு முழுமையாக வைத்திருக்கிறார்கள் என்று அதில் போட்டி நடக்கும். அந்தப் போட்டிக்காரர்கள் தங்களுக்குக் குறைகிற ஒரே அட்டைக்குப் பணத்தைப் பார்க்க மாட்டார்கள். விலை ஏறுவதில் அட்டையின் தரத்துக்கு இருக்கிற பங்கு, இந்தப் போட்டிக்கும் இருக்கிறது.

1998இல் வந்த எஸ்ஜிசிக்குப் பழைய அட்டைக்காரர்கள், முக்கியமாக இரண்டாம் உலகப்போருக்கு முந்தியதைச் சேர்ப்பவர்கள், தனி மரியாதை தருகிறார்கள். சின்ன அட்டையைச் சுற்றிக் கறுப்புச் சட்டம் வைத்து மூடுவார்கள். பழுப்பேறிய சிகரெட் அட்டை அதில் கோயில் விளக்கு வெளிச்சத்தில் பார்த்த மாதிரி எடுப்பாக இருக்கும். விலையிலும் சளைத்ததில்லை. மிக்கி மேன்டில் என்ற பேஸ்பால் வீரருக்கு டாப்ஸ் நிறுவனம் 1952இல் போட்ட அட்டை, எஸ்ஜிசி 9.5 மதிப்பெண்ணோடு, 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்குப் போனது. ஒரு எச்சரிக்கை: பழைய எஸ்ஜிசி கூடுகளில் மதிப்பெண் நூற்றுக்குப் போட்டிருக்கும். அதில் 60 என்றால் இன்றைய கணக்கில் 5. பரீட்சை பாஸ் மார்க் மாதிரி பத்தால் வகுத்து ஏமாந்தவர்கள் உண்டு.

மச்சானும் நண்பரும் சண்டை போடும் இந்த இரண்டு நிறுவனமும் இப்போது ஒரே வீடு. 2024 பிப்ரவரியில் பிஎஸ்ஏவின் தாய் நிறுவனம் எஸ்ஜிசியை வாங்கிவிட்டது. மூன்றாவதான பெக்கெட், மூலை, ஓரம், மேற்பரப்பு, படம் நடுவில் அமைந்திருப்பது என்று நான்குக்கும் தனித்தனி மதிப்பெண் தருவதால் பெயர் வாங்கியது. புது அட்டைக்காரர்களுக்கு அது பிடிக்கும். உங்களுடையதுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஆனால் இந்த வாதம் முழுக்க அமெரிக்க வாதம். உங்கள் டின்னில் இருப்பது பிரிட்டிஷ் சிகரெட் அட்டை. இங்கிலாந்தில் இதைச் சேர்க்கும் பழைய ஆட்கள் மதிப்பெண்ணைக் கண்டுகொள்வதில்லை. 50 அட்டையும் சேர்ந்த முழு வரிசை, சுத்தமாக, ஆல்பத் தாளில், அவ்வளவுதான் அவர்களுக்கு. லட்சக்கணக்கில் அச்சடித்துக் குவித்த வரிசைகள் இவை. 1938 வரிசை முழுவதுமே, நல்ல நிலையில், அங்கே சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். ஒரே ஒரு அட்டைக்குக் கிரேடிங் கட்டணம், போக வரத் தபால், காப்பீடு எல்லாம் சேர்த்தால் அதே சில ஆயிரம் ஆகிவிடும். அதனால் 41ஐயும் மூட்டை கட்டி அனுப்புவது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான். கிரேடிங்குக்குப் பலன் உண்டென்றால் பிராட்மேன் ஒன்றுக்கு. 1934இல் பட்டோடி நவாபும் இருந்து, மூலை நான்கும் கூராக இருந்தால் அவரையும் யோசிக்கலாம். மதிப்பெண் 7க்கு மேல் வந்தால்தான் செலவு திரும்பும் என்பது என் கணிப்பு. உங்கள் பிராட்மேனின் இடது மேல் மூலை போட்டோவிலேயே மழுங்கித் தெரிகிறது. பின்பக்கம் பென்சிலில் ஏதோ இரண்டெழுத்து இருக்கிறதே, தாத்தாவின் இனிஷியலா? அதற்கும் மதிப்பெண் குறையும். அழிரப்பர் வைக்காதீர்கள், தேய்த்த தடம் பென்சிலைவிட மோசமாகத் தெரியும், திருத்தியது என்ற பெயரும் வரும். எனக்கென்னவோ அந்த இரண்டெழுத்து இருப்பதுதான் பிடித்திருக்கிறது.

அனுப்புவதென்று முடிவெடுத்தால், அதற்கு முன் காசில்லாமல் இரண்டு சோதனை செய்துவிடுங்கள். இந்த வரிசைகளுக்கு மறுஅச்சு ஏராளம். கடைத்தெருவில் கள்ளநோட்டு பார்க்க ஊதா விளக்கு வைத்திருப்பார்கள் இல்லையா, அதற்கடியில் அட்டையின் பின்பக்கத்தைக் காட்டுங்கள். பக்கத்தில் ஒரு புதுக் கல்யாணப் பத்திரிகையையும் வையுங்கள். பத்திரிகை நீலம் பூத்த வெள்ளையாக ஜொலிக்கும். காகிதத்துக்கு அந்த வெளுப்பு மருந்து சேர்க்கும் வழக்கம் போருக்குப் பிறகு வந்தது என்பதால், 1938 அட்டை மங்கலாக, செத்தாற்போல் இருக்க வேண்டும். ஜொலித்தால் தபால் செலவு மிச்சம். அடுத்தது, நகை ஆசாரியிடம் இருக்கும் லென்ஸில் எழுத்துகளைப் பாருங்கள். அசலில் எழுத்தின் கோடு கெட்டியாக, மை நிறைந்து இருக்கும். போட்டோ எடுத்து அச்சடித்த நகலில் எழுத்தே புள்ளி புள்ளியாக உடையும். அளவு சுமார் 68க்கு 36 மில்லிமீட்டர். ஒரே வரிசை அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் ஒரு நூல் குட்டையாக இருந்தால் அதை அனுப்பவே வேண்டாம்.

அப்புறம், மச்சான் கண்டிப்பாகச் சொல்லியிருக்க மாட்டார் என்று நான் நினைக்கிற விஷயம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 வருடம் கடந்த தொல்பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. வரலாறு, இலக்கியம், கலை சார்ந்த மதிப்புள்ள ஆவணம் என்றால் வரம்பு 75 வருடம்தான். உங்கள் அட்டைகள் 75ஐத் தாண்டிவிட்டன. சிகரெட் படம் ஆவணமா, வெறும் விளம்பரமா என்று இரண்டு பக்கமும் வாதாடலாம், ஆனால் அதைச் சுங்கத்தில் பார்சல் மாட்டிய பிறகு வாதாடுவதில் அர்த்தமில்லை. முன்கூட்டியே சென்னையில் இந்தியத் தொல்லியல் துறை அலுவலகத்தில் காட்டி, தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் வாங்கிவிடுங்கள். “மச்சான் ஊருக்கு வரும்போது பையில் போட்டுக் கொடுத்துவிடுகிறேன்” என்ற யோசனை இருந்தால், அதற்கும் இதே சட்டம்தான்.

ஆக, சான்றிதழ் கிடைத்து, ஊதா விளக்கிலும் தேறினால், பிராட்மேனை மட்டும் அனுப்புங்கள். எதிர்காலத்தில் விற்பதாக இருந்தால் பிஎஸ்ஏ. வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கென்றால் எஸ்ஜிசி, அந்தக் கறுப்புச் சட்டத்துக்காகவே. விண்ணப்பத்தில் அட்டையின் மதிப்பை நீங்களே எழுத வேண்டும், கட்டணம் அதைப் பொறுத்தது. குறைத்து எழுதி, மதிப்பெண் எதிர்பாராமல் உயர்ந்துவிட்டால் மிச்சக் கட்டணத்தைக் கேட்டு வாங்கிவிடுவார்கள். மெல்லிய உறையில் போட்டு, வளையும் பிளாஸ்டிக் தாங்கிக்குள் வைத்து, இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே கட்டுங்கள். செல்லோடேப் எந்த இடத்திலும் அட்டையைத் தொடக் கூடாது.

மீதி நாற்பதும் வீட்டில்தானே இருக்கப்போகின்றன. பிரிந்திருக்கிற ஒவ்வொன்றையும் தனித்தனி பாலிபுராப்பிலீன் உறையில் போடுங்கள். பழைய போட்டோ ஆல்பத்தின் பிசுபிசுத் தாளில் ஒட்டிவிட்டால் நான்கு அட்டைக் கட்டி நாற்பது அட்டைக் கட்டியாகிவிடும். டின்னுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, மழைக்கு முன் ஒரு தடவை, மழை விட்டதும் ஒரு தடவை மாற்றுங்கள். டின்னைத் தரையிலும் வைக்காதீர்கள், ஓட்டுக்கு நேர் கீழே பரணிலும் வைக்காதீர்கள். 2018இல் கஜா புயல் உங்கள் பக்கம் என்ன செய்தது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ராமபாணப் பூச்சிக்குத் தஞ்சை சரசுவதி மகாலில் சுவடிகளுக்கு வைக்கிற மாதிரி வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, பட்டை, மிளகு, கற்பூரம் இடித்து முடிச்சாகக் கட்டி டின்னுக்கு வெளியே, பீரோத் தட்டில் வையுங்கள். அந்துருண்டை மட்டும் வேண்டாம். அந்த வாடை காகிதத்தில் ஏறினால் இறங்காது.